சொந்தக்காரர் பெட்டி

சாகப்போகிற ஈஸ்டுக்கு ஜாதகம் பார்க்கிறாள் என்று அந்த வாரம் முழுக்கக் கோகிலவாணியைக் கேலி செய்தார்கள். கேலி செய்யவும் ஆள் அதிகம் இல்லை. கோயம்புத்தூருக்கு மேற்கே, ஒரு காலத்தில் அறுபது பேர் வேலை பார்த்த அந்த ஆய்வகத்தில் மிச்சம் இருந்தவர்கள் ஒன்பது பேர்தான். அவர்களும் மேசை இழுப்பறைகளைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மாலைக்குள் கட்டடத்தில் உள்ள பூஞ்சை வகை எதுவானாலும், ஒரு துளி விடாமல் ஆட்டோகிளேவில் போட்டு அவித்துவிட வேண்டும் என்று அரசாங்க உத்தரவு வந்திருந்தது. ஆட்டோகிளேவ் என்றால் வேறொன்றுமில்லை, ஆள் உயரப் பிரஷர் குக்கர். இருபத்திரண்டு வருடமாகக் கோகிலவாணி கட்டிக் காத்த ஈஸ்டுகள் எல்லாம் அதற்குள் போக வேண்டும்.

"ஏனுங்க அக்கா, வெள்ளிக்கிழமை வேகப்போறதைத் திங்கக்கிழமை எதுக்குப் படிச்சுப் பாக்கறீங்க?" என்று கேட்டான் சென்னியப்பன். அவன் ஸ்டோர் பொறுப்பாளன். அழிக்க வேண்டிய பொருள்களின் பட்டியல் அவன் கையில்தான் இருந்தது.

"ஃப்ரீசரை விட்டு எது வெளிய போனாலும் ஒருக்கா படிச்சுப் பாத்துத்தான் அனுப்போணும். உனக்குத் தெரியாதா?"

"அது வேற ஊருக்கு அனுப்பறப்போ. இது எமலோகத்துக்கல்ல போகுது!"

"எங்க போனா என்ன? வெளிய போகுதில்ல?"

இதற்கு மேல் அவளிடம் பேசிப் பயனில்லை என்பது சென்னியப்பனுக்குத் தெரியும். கோகிலவாணி படித்தது பி.எஸ்சி. வேலை, டெக்னீசியன். ஆனால் அந்தக் கட்டடத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் எல்லாம் ஒரு சந்தேகம் என்றால் அவள் மேசைக்குத்தான் வந்து நிற்பார்கள். எந்த ஈஸ்ட் ஆனாலும் ஃப்ரீசருக்குள் போகும்போது ஒரு தடவை, வெளியே வரும்போது ஒரு தடவை அதன் மரபணுவை எழுத்து எழுத்தாக இயந்திரத்தில் படித்துப் பார்ப்பாள். பெயர்ச்சீட்டை நம்பமாட்டாள், போன மாதம் தானே எழுதிய குறிப்பையும் நம்பமாட்டாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அது அவளுக்குச் சுபாவம். இப்படி ஒருத்தி இருந்தால்தான் பத்து விஞ்ஞானிகள் நிம்மதியாகத் தூங்க முடியும். அந்தப் பத்துப் பேரின் பெயர்தான் பத்திரிகையில் வரும் என்பது வேறு விஷயம்.

"அப்படி என்னதானுங்க இருக்குது அந்தப் பெட்டியில? அஞ்சு வருஷமா நானும் பனிக்கட்டி கொண்டாந்து கொட்டறேன். யாரும் சொல்லலை" என்றான் சென்னியப்பன்.

முப்பத்திரண்டு சின்னக் குழாய்கள் அடங்கிய அட்டைப் பெட்டி அது. மூடியில் 'சொந்தக்காரர்' என்று எழுதியிருந்தது.

"உங்க தோட்டத்துக் கெணத்துல மோட்டார் இருக்குதில்ல? அது நின்னா என்னாகும்?"

"காஞ்சு போயிரும்."

"ஈஸ்டு செல்லுக்கும் ஒரு மோட்டார் இருக்குது. உள்ள சேர்ற புளிப்பை வெளிய எறைச்சுட்டே இருக்கும். அது திங்கற சோத்துல கால்வாசி அந்த மோட்டாருக்கே போயிரும்னா பாத்துக்க. மோட்டார் நின்னா உள்ள புளிச்சுப்போயிரும், வெளிய இருந்து சோறும் உள்ள வராது. செத்துரும். இந்த மோட்டார் எல்லாப் பூஞ்சைக்கும் உண்டு. நெல்லைக் கருக்கற பூஞ்சை, ரொட்டியில பூக்கற பூஞ்சை, ஆஸ்பத்திரிச் சுவத்துல இருக்கற பூஞ்சை, எல்லாம் ஒரே வம்சம். அச்சு மட்டும் கொஞ்சம் கொஞ்சம் மாறும்."

"சுவர்ப்பூஞ்சையும் நம்ம ரொட்டி ஈஸ்டுக்குச் சொந்தமா?"

"சொந்தம்தான். எந்த ஊட்டுலதான் ஒரு கேடுகெட்ட சொந்தக்காரன் இல்ல? அவனை மேசை மேல வெச்சு வேலை செய்ய முடியாது, தொட்டவன் போயிருவான். அதனால நம்ம சாது ஈஸ்டோட மோட்டாரைக் கழட்டிப்போட்டு, ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு சொந்தக்காரன் மோட்டாரை மாட்டி விட்டிருக்குது. ஏழாம் நம்பருக்குச் சுவர்ப்பூஞ்சையோட மோட்டார். மோட்டாரை நிறுத்தற மருந்தை ஊத்துனா, ஏழு சாகோணும். ஏழு செத்துட்டா, அந்த மருந்து சுவர்ப்பூஞ்சையையும் கொல்லும்."

"ஏழு எதுக்கும் சாகலையேக்கா" என்றான் சென்னியப்பன்.

"சாகல. அதுனாலதான் பட்டியலும் கையுமா நீ நிக்கற" என்றாள் கோகிலவாணி.

சுவர்ப்பூஞ்சை வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. விஞ்ஞானிகள் அதற்கு வைத்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. ஆஸ்பத்திரிச் சுவரில் குடியிருப்பதால் ஜனங்கள் சுவர்ப்பூஞ்சை என்றார்கள், அதுவே நிலைத்துவிட்டது. திடமான ஆளை அது ஒன்றும் செய்யாது. உடம்பில் கத்தி பட்டவர், ரத்தப் புற்றுக்கு மருந்து எடுப்பவர், பிறந்து பத்து நாள் ஆகாத குழந்தை என்று பார்த்துப் பார்த்து ஏறும். ஏறினால் இருக்கிற எந்த மருந்துக்கும் இறங்காது. வெயிலுக்கு மட்டும் அது அடங்கியதால் ஆஸ்பத்திரிகள் அறுவை அறைகளைப் பூட்டிவிட்டு மொட்டை மாடிகளில் வெயில் வார்டு போட்டன. அறுவை என்றால் காலை பதினொரு மணிக்கு மேல், வெட்டவெளியில், சூரியனைச் சாட்சி வைத்துத்தான். மழைக்காலத்தில் அதுவும் கிடையாது. வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுக்க நாள் குறிப்பவர்கள் பஞ்சாங்கத்தை மூடிவிட்டு வானிலை அறிக்கை பார்த்தார்கள்.

பயத்துக்குக் கண் ஏது? பூஞ்சை என்ற பெயர் கேட்டாலே போதும் என்றாகிவிட்டது. பேக்கரிகள் மூடின. மூடாத கடைகளில் 'எங்களிடம் ஈஸ்ட் கிடையாது' என்று பலகை தொங்கியது. மாவு பொங்கினால் பதறிக் கீழே கொட்டிய வீடுகள் உண்டு. கோகிலவாணி எங்கே வேலை பார்க்கிறாள் என்று தெரிந்ததும் பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாகும். அவள் அதற்காக வருத்தப்படவில்லை, பையை அந்த இருக்கையில் வைத்துக்கொள்வாள். மருந்து கண்டுபிடிக்காத ஆய்வகத்தில் பூஞ்சை எதற்கு என்று கேள்வி எழுந்து, கடைசியில் உத்தரவாக வந்தே விட்டது.

செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள் ஃப்ரீசரில் இருந்த முப்பத்திரண்டு குழாய்களையும் படித்து முடித்தாள். எல்லாம் சுத்தம். அடுத்து, மேசை மேல் இருந்த தட்டுகள்.

தட்டு என்பது ஈஸ்ட் வளரும் கண்ணாடி வட்டில். ஏழாம் நம்பரை எல்லோரும் தினம் கேட்பார்கள். ஒவ்வொரு தடவையும் ஃப்ரீசரில் இருந்து எடுத்து உருக்கி வளர்த்தால் நாலு நாள் போய்விடும். ஆள் ஆளாகச் சாகிற காலத்தில் நாலு நாள் சும்மாவா? அதனால் கோகிலவாணியே ஒரு ஏற்பாடு செய்திருந்தாள். ஏழாம் நம்பரை ஒரு தட்டில் இருந்து மறு தட்டுக்கு மாற்றி மாற்றி, எந்த நேரத்தில் யார் கேட்டாலும் கொடுக்கிற மாதிரி உயிரோடு வைத்திருந்தாள். மூன்று வருடத்துக்கு மேல் அந்தத் தட்டு ஓய்ந்ததில்லை. அது ஃப்ரீசருக்குள் போகவும் இல்லை, ஃப்ரீசரை விட்டு வரவும் இல்லை. ஆகவே அவள் சட்டப்படி அதைப் படிக்க வேண்டிய நாள் வரவே இல்லை.

அன்றைக்குப் படித்தாள். மாலை நாலு மணிக்கு எழுத்துகள் திரையில் ஓடி நின்றன. அதில் சுவர்ப்பூஞ்சையின் மோட்டார் இல்லை. சாது ஈஸ்டின் மோட்டார் இருந்தது.

குழாய் மாறிப்போயிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் ஏழாம் நம்பருக்கு மட்டும் என்று மோட்டார் மரபணுவுக்குப் பக்கத்திலேயே எழுதிச் சேர்த்திருந்த அடையாளக் குறி அப்படியே இருந்தது. ஆக இது ஏழுதான். மோட்டார் மட்டும் மாறியிருக்கிறது. எங்கிருந்து வந்தது? ஈஸ்டுக்கு இரண்டாவதாக ஒரு மோட்டார் மரபணு உண்டு. முதலாவதின் தம்பி மாதிரி அச்சு அசலாக இருக்கும். அது எந்நாளும் தூங்குகிற மரபணு, விழிக்காது என்று பாடப்புத்தகத்தில் எல்லாம் எழுதியிருந்ததால் அதை யாரும் கழற்றிப் போடவில்லை. அந்தத் தூங்குமூஞ்சியைப் பார்த்து, எழுத்துக்கு எழுத்துக் காப்பி அடித்து, ஏழாம் நம்பரில் ஏதோ ஒரே ஒரு செல் தன் பழைய மோட்டாரைத் திரும்பச் செய்துகொண்டுவிட்டது. இரவல் மோட்டாரில் தள்ளாடும் பங்காளிகளுக்கு நடுவே அது வேகமாகப் பெருகித் தட்டையே பிடித்துவிட்டது. கோகிலவாணிக்குப் பயத்தோடு பயமாக ஒரு வியப்பும் வந்தது. இத்தனூண்டு உயிர்! கண்ணுக்குக்கூடத் தெரியாது. முப்பது படித்த மேதைகளை முட்டாளாக்கிவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

எப்போதிருந்து? மாதம் தவறாமல் தட்டில் ஒரு துளியைக் குழாயில் எடுத்து ஒதுக்கி வைக்கும் பழக்கம் அவளுக்கு உண்டு. எதையும் வீசமாட்டாள். நாற்பத்தொரு மாதத்துக்கு நாற்பத்தொரு குழாய். புதன்கிழமை மதியம் வரை அத்தனையையும் படித்தாள். நாலு மாதம் வரை சரி. ஐந்தாவதில் கலப்படம். ஆறாவதில் இருந்து முழுக்கப் பொய்.

ஆறாவது மாதம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. மூன்று நாள் எடுத்துக்கொண்டு வளரும் ஏழு, திடீரென்று இரண்டே நாளில் வளர ஆரம்பித்தது. "நம்ம ஏழு தேறிட்டான் கோகிலாம்மா!" என்று ஹமீது சார் சந்தோஷத்தில் எங்கேயோ தேடிப்பிடித்து எல்லோருக்கும் தேங்காய் பன் வாங்கி வந்தார். அவளும் இரண்டு தின்றாள். சந்தேகம் வரவேண்டிய இடத்தில் பெருமை வந்துவிட்டது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது சரிதான், ஆனால் ஆனை விழுந்தால் கீழே யார் இருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டுமே.

கீழே இருந்தவர் டாக்டர் ஹமீது. அந்த ஆய்வகத்தின் வேதியியல்காரர். ஆய்வகத் தலைவி மெஹருன்னிசாவின் கணவர். ஒன்பதாவது மாதம் அவர் செய்த இருநூற்றுப் பத்தொன்பதாம் மருந்து சுவர்ப்பூஞ்சையின் மோட்டாரைப் பூட்டுப் போட்ட மாதிரி நிறுத்தும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். ஏழாம் நம்பரில் ஊற்றினார்கள். ஏழு சாகவில்லை. ஏழைக் கொல்லாத மருந்தை, கொடிய கிருமிகளுக்கென்றே உள்ள பாதுகாப்பு ஆய்வகத்துக்கு அனுப்பி நிஜப் பூஞ்சையில் சோதிக்க அனுமதி கிடையாது. அந்த மருந்து ஓரம்கட்டப்பட்டது.

போன வருடம் ஆடி மாதம் ஹமீதுக்குக் குடல்வால் வெடித்தது. வெயில் வார்டில் அறுவை செய்தார்கள். பாதியில் மேகம் மூடிவிட்டது. பத்தாம் நாள் சுவர்ப்பூஞ்சை ஏறியது. படுக்கையில் இருந்தே கோகிலவாணிக்குப் போன் செய்தார். "கோகிலாம்மா, என் கணக்கு தப்புன்னு இன்னும் மனசு ஒத்துக்க மாட்டேங்குது. இருநூத்திப் பத்தொம்பதை ஏழுல இன்னொரு தடவை போட்டுப் பாருங்க. ஏழு செத்தா எனக்கே போடச் சொல்றேன். இங்க டாக்டரும் சரின்னுட்டார்."

அவள் ஒரு தடவைக்கு மூன்று தடவை போட்டுப் பார்த்தாள். மூன்று தடவையும் ஏழு கொழுகொழுவென்று வளர்ந்தது. "இல்லீங்க சார். சாகலீங்க" என்று போனில் சொன்னாள்.

"நீங்க சொன்னா சரிதான்" என்றார் ஹமீது. பூஞ்சை ஏறிய பதினோராம் நாள் போய்விட்டார்.

புதன்கிழமை மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் கோகிலவாணி யோசித்தாள். வழி ஒன்று இருக்கத்தான் செய்தது. ஃப்ரீசரில் நல்ல ஏழு இருக்கிறது. அலமாரியில் ஹமீது சாரின் மருந்து ஒரு சிட்டிகை மிச்சம் இருக்கும். பேசாமல் புதுசாகச் சோதித்து, கடைசி நேரத்தில் கிடைத்த அதிசயம் என்று சொல்லிவிடலாம். முன்னே ஏன் சாகவில்லை என்று கேட்டால், அப்போது மருந்து கெட்டுப்போயிருந்தது போல என்றால் போயிற்று. தட்டுக்கு வாய் இல்லை. மெஹர் மேடமும் அந்தப் பதினொரு நாளை மறுபடி சுமக்க வேண்டியிருக்காது. எல்லோருக்கும் நல்லதுதானே?

ஆனால் ஆறாவது மாதத்துக்குப் பிறகு ஏழில் சோதித்து ஒதுக்கியவை நானூற்றுச் சொச்சம் மருந்துகள். அதில் இன்னும் எத்தனை நல்லவை கிடக்கின்றனவோ. ஏழு பொய் சொன்னது என்று சொன்னால்தான் அவற்றை மறுபடி யாராவது எடுத்துப் பார்ப்பார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தால் அத்தனையும் மறையும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருந்தது. நான்கு மணி வரை அவள் அதைத் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. அவள் சொன்னால் சரி என்று நம்பி ஒருவர் செத்திருக்கிறார். இனியும் ஒரு பொய்யை அந்த வாயால் சொல்ல அவளால் முடியாது.

திறக்காத டப்பாவைப் பையில் வைத்துவிட்டு மெஹருன்னிசாவின் அறைக்குப் போனாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அச்சிட்ட தாள்களை மேசையில் பரப்பி, ஐந்தாவது மாதத்தைத் தொட்டுக் காட்டி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

மெஹருன்னிசா தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு விளங்க வைக்க வேண்டிய அவசியம் இல்லை. பாதி சொல்லும்போதே முழுக்கப் புரிந்துவிட்டது.

"அவர் போன் பண்ணி கேட்டப்ப, எதுல போட்டுப் பாத்தீங்க? ஃப்ரீசரா, தட்டா?"

"தட்டுங்க மேடம்."

"மூணு தடவையும்?"

"மூணு தடவையுமுங்க. அவசரம்னு... தட்டு கையில இருந்துச்சு. ஃப்ரீசர்ல இருந்து எடுத்தா நாலு நாள் ஆகுமேன்னு..."

"போதும்க்கா" என்றார் மெஹருன்னிசா. எழுந்து வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, கார் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தவர் வண்டியைக் கிளப்பவில்லை. முகத்தைக் கையால் மூடிக்கொண்டிருந்தார். கோகிலவாணி அந்த அறையிலேயே சுவரோரம் நின்றாள். திட்டிவிட்டுப் போயிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து மெஹருன்னிசா திரும்பி வந்தார். கண்கள் சிவந்திருந்தன. "மருந்து இருக்கா?"

"நாப்பது மில்லிகிராம் இருக்குதுங்க."

"நல்ல ஏழை எடுத்து வளர்க்கப் போடுங்க. தட்டு ரெண்டு, ஒண்ணுல மருந்து, ஒண்ணு சும்மா. பழைய ஏழையும் பக்கத்துலயே போடுங்க." வாசல் வரை போனவளை நிறுத்தி, "கோகிலாக்கா, எனக்கு உங்க மேல கோபம் இருக்கு. எவ்வளவுன்னு எனக்கே தெரியலை. ஆனா வேலை வேற" என்றார்.

இப்படிச் சொல்ல ஒரு மனசு வேண்டும். அந்த நேரத்தில் மெஹருன்னிசாவின் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போலக் கோகிலவாணிக்கு இருந்தது. செய்யவில்லை. போய் நல்ல ஏழை எடுத்துத் தட்டில் தடவி வைத்தாள்.

நல்ல ஏழு நோஞ்சான். வளர்ந்து கண்ணில் தெரியச் சனிக்கிழமை ஆகும். உத்தரவோ வெள்ளிக்கிழமை. இதைச் சென்னியப்பனிடம் யார் சொல்வது என்று இருவரும் யோசித்தார்கள். கடைசியில் கோகிலவாணிதான் சொன்னாள். அவன் பட்டியலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், ஆட்டோகிளேவ் இருந்த அறைக்குப் போய் ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தான். கையில் கறுப்பு ரப்பர் வளையம் ஒன்று இருந்தது.

"கேஸ்கட் போச்சுங்க அக்கா. மூடி ஒக்காராது. புதுசு வாரதுக்குத் திங்கக்கிழமை ஆயிரும்."

"நேத்துக்கூட நல்லாத்தானே இருந்துச்சு?"

"குக்கரு எப்ப கெட்டுப்போகும்னு குக்கருக்கே தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு வளையத்தைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு போனான். வெள்ளிக்கிழமை வந்த அதிகாரியிடமும் முகம் மாறாமல் அதையே சொன்னான்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மெஹருன்னிசாவும் கோகிலவாணியும் வளர்ப்புப் பெட்டியின் முன்னால் நின்றார்கள். கைப்பிடியில் யாரும் கை வைக்கவில்லை.

உள்ளே இருக்கும் தட்டில் நல்ல ஏழும் வளர்ந்திருந்தால், ஹமீதின் கணக்கு தப்பு. மருந்து என்றைக்கும் மருந்தே இல்லை. அவர் எப்படியும் பிழைத்திருக்கமாட்டார். கோகிலவாணி மேல் குற்றம் இல்லை. ஏழு செத்திருந்தால், வெயில் வார்டுகளில் மேகத்தைப் பார்த்துப் பயந்து படுத்திருக்கும் அத்தனை பேருக்கும் ஒரு வழி பிறக்கும். ஹமீது வீணாகச் செத்தார் என்று ஆகும். எது வேண்டும் என்று சாமி நேரில் வந்து கேட்டிருந்தால் புதன்கிழமை அவள் திணறியிருப்பாள். மூன்று நாளாக மனசுக்குள் மல்லுக்கட்டி, சனிக்கிழமை விடிந்தபோது முடிவுக்கு வந்திருந்தாள். சாகட்டும். ஏழு சாகட்டும். என் தலையில் எது விழுந்தாலும் விழட்டும்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்க்கா" என்றார் மெஹருன்னிசா. பெட்டியைப் பார்த்தபடியேதான் சொன்னார். "அன்னைக்கு நீங்க போன்ல சாகலைன்னு சொன்னீங்களே, அப்ப என் கைப்பையில இருநூத்திப் பத்தொம்பது இருந்துச்சு. ஊசி மருந்தாவே கலக்கி வெச்சிருந்தேன். ஏழாவது எட்டாவது, எனக்கு என் புருஷன் வேணும், போட்டுப் பாத்துரலாம்னு அவர்கிட்ட அழுதேன்."

கோகிலவாணி பெட்டியை விட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"அவர் வேண்டாம்னுட்டார். 'கோகிலாம்மா இல்லைன்னா இல்லைதான் மெஹர். வேலை செய்யாத மருந்தைப் போட்டு, தற்செயலா நான் பொழச்சுட்டா, அதை நம்பி ஊர்ல ஆயிரம் பேருக்குப் போடுவாங்க. அந்தப் பாவம் எதுக்கு?' அப்படின்னார். நான் ஊசியைக் கொண்டு போய் வாஷ்பேசின்ல ஊத்திட்டேன். ஒரு வருஷமா, அன்னைக்கு அவர் பேச்சைக் கேட்டது சரிதான்னு சொல்லிச் சொல்லித்தான் நான் சோறு தின்னுட்டு இருக்கேன். ஏழு செத்திருந்தா, உங்களுக்கு மட்டுமில்ல, எனக்கும் அந்த நிம்மதி போயிடும்க்கா. கதவைத் திறங்க."

கோகிலவாணி திறந்தாள். மருந்தில்லாத தட்டில் இடப்பக்கம் நல்ல ஏழு பொடிப்பொடியாக, வலப்பக்கம் பழைய ஏழு கொழுத்து, இரண்டும் வளர்ந்திருந்தன. மருந்துத் தட்டில் வலப்பக்கம் பழைய ஏழு அதே மாதிரி கொழுத்திருந்தது. இடப்பக்கம் ஒன்றுமே இல்லை. துடைத்துவிட்ட கண்ணாடி மாதிரி இருந்தது.

மெஹருன்னிசா தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "சரியா இருந்திருக்கு. அந்த மனுஷன் கணக்கு சரியா இருந்திருக்கு" என்று சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகி, நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். கோகிலவாணியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் நெடுநேரம் அழுதார்கள். சாரி என்ற வார்த்தை கோகிலவாணியின் தொண்டை வரை பலமுறை வந்தது. அவ்வளவு சின்ன வார்த்தையை அங்கே வைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு மெஹருன்னிசா குறிப்பேட்டை எடுத்தார். "டெல்லி மேலிடத்துக்கு இப்பவே அனுப்பணும். முடிவை எழுதிருவோம்."

"இல்லீங்க மேடம்" என்றாள் கோகிலவாணி.

"என்ன இல்லை?"

"மருந்தில்லாத தட்டுல வளந்திருக்கற நல்ல ஏழைப் படிக்கோணும். அது நல்ல ஏழுதான்னு எனக்கு எப்படிங்க தெரியும்? ஃப்ரீசர்ல இருக்கறது சரி. தட்டுல வந்து மூணு நாள் ஆச்சுங்களே. பொடிப்பொடியா இருக்கறது படிக்கற அளவுக்கு வளர ரெண்டு நாள் ஆகும், ஆனாலும் படிக்காம எழுத மாட்டனுங்க."

மெஹருன்னிசா அவளை உற்றுப் பார்த்தார். ஒரு வருடம் காத்தாயிற்று, இன்னும் இரண்டு நாளா என்று கத்தப் போகிறார் என்றுதான் கோகிலவாணி நினைத்தாள். அவர் குறிப்பேட்டை மூடினார். "படிங்க" என்றார்.

அந்த இரண்டு நாளில் மெஹருன்னிசா மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். ஆறாவது மாதத்துக்குப் பிறகு இந்த ஆய்வகம் ஏழாம் நம்பரை வைத்துச் சொன்ன அத்தனை முடிவும் தவறு, ஒதுக்கிய மருந்துகளை எல்லாம் மறுபடி சோதிக்க வேண்டும் என்று. அங்கிருந்து ஒரு பெரியவர் போனில் வந்து, புதுக் கண்டுபிடிப்பு என்று சொல்லிவிடுங்கள், பழைய தவறை எதற்கு ஊர் அறியத் தோண்டுகிறீர்கள் என்று நயமாகச் சொன்னார். தோண்டத்தான் எங்களுக்குச் சம்பளம் என்று இவரும் நயமாகச் சொல்லி வைத்துவிட்டார். கடிதத்தில் தவறு செய்தவர் யார் என்ற இடத்தை மெஹருன்னிசா காலியாக விட்டிருந்தார். கோகிலவாணி அதில் தன் பெயரை முழு இன்ஷியலோடு எழுதிக் கொடுத்தாள். தவறைக் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் மெஹருன்னிசா அதே பெயரை எழுதினார்.

திங்கட்கிழமை காலை எழுத்துகள் திரையில் ஓடி நின்றன. முதல் எழுத்தில் இருந்து கடைசி எழுத்து வரை கோகிலவாணி விரல் வைத்துப் படித்தாள். சுவர்ப்பூஞ்சையின் மோட்டார். ஒரு எழுத்துப் பிசகில்லை. மருந்துத் தட்டில் செத்தது நிஜமான ஏழு.

சென்னியப்பன் அட்டைப் பெட்டியையும் மிச்ச மருந்தையும் பனிக்கட்டியில் புதைத்துக் கட்டிக்கொண்டிருந்தான். பட்டியலில் 'அழிக்க' என்று இருந்ததை அடித்துவிட்டு, பாதுகாப்பு ஆய்வகத்தின் முகவரியை எழுதினான். அங்கே நிஜப் பூஞ்சையில் சோதிப்பார்கள், அப்புறம் எலி, அப்புறம் ஆள். ஏழு செத்துவிட்டது என்பதாலேயே மனிதர் பிழைப்பார் என்று இல்லை. மூன்று வருடமாகச் சாத்திக் கிடந்த கதவு திறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மெஹருன்னிசா குறிப்பேட்டைத் திறந்து கோகிலவாணி முன்னால் வைத்தார். பேனாவையும் மூடி கழற்றிக் கொடுத்தார்.

கோகிலவாணி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "நீங்களே எழுதுங்க மேடம். எந்த மூஞ்சியை வெச்சுட்டு நான் எழுதறது? மூணு தடவ பொய் சொன்ன கைங்க இது."

"தெரியாம சொன்னது."

"தெரியாமத்தான். இருந்தாலும் என் எழுத்துக்கு இனி என்ன மதிப்புங்க? உங்க கையெழுத்துன்னா நாலு பேரு நம்புவாங்க."

"நாலு பேர் நம்பறதுக்கு நான் கீழ கையெழுத்துப் போடறேன்" என்றார் மெஹருன்னிசா. "ஆனா முடிவை நீங்கதான்க்கா எழுதணும். நீங்க சொன்னாத்தான் அவர் நம்புவாரு."

கோகிலவாணி பேனாவை வாங்கினாள். தேதி போட்டாள். மருந்து 219 என்று எழுதினாள். கீழே, ஏழு செத்தது என்று எழுதினாள்.